மோட்டார் வண்டியின் பின் ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றுதல்

கீழ்பென்னாத்தூர்ப் பகுதியில் நெல்லும் மணிலாக்கொட்டையும் முக்கியமான பயிர்கள். விளைபொருளைத் திருவண்ணாமலைக்கும், அவலூர்பேட்டைக்கும், செஞ்சிக்கும் கொண்டு செல்ல முன்னாளில் கட்டைவண்டியே துணையாயிருந்தது. அதற்கு வில் கிடையாது. வில்வண்டிக்கு வில் உண்டு. ஆயினும் மாட்டின் நடைக்கு அவ்வில்லின் ஆட்டம் ஒரு பொருட்டாயிருக்கவில்லை. இன்று ஜீப்பும் சிறு லாரியும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூட்டைகளோடு ஓடுகின்றன. அவ்வேகத்தில் வில்லின் ஆட்டத்தை அடக்கும் கருவி பழுதுபட்டிருப்பின் உயிருக்கே அபாயம் நேரும். அக்கருவியே ஷாக் அப்சார்பர்.

நூல்களில் இதற்கு ‘அதிர்வு தாங்கி’ என்று பெயர் வழங்குகிறது. ஆனால் வண்டியின் பாரத்தை இது தாங்குவதில்லை. பாரத்தைத் தாங்குவது வில்பட்டையே. ஷாக் அப்சார்பர், எண்ணெய் நிரம்பிய ஒரு குழாயும் அதனுள் மேலும் கீழும் செல்லும் பிஸ்டனுமாகும். பிஸ்டனிலுள்ள சிறு துவாரங்களின் வழியே எண்ணெய் நெருக்குண்டு செல்லும்போது ஆட்டத்தின் வேகம் உஷ்ணமாக மாறித் தணிகிறது. ஆகையால், கனத்த ஷாக் அப்சார்பரைப் பொருத்திவிட்டால் பத்து மூட்டை அதிகமாக ஏற்றலாம் என்று சிலர் எண்ணுவது தவறு. அதிகப் பாரத்தால் வில்பட்டை ஒடியும், டயர் வெடிக்கும்.

பழுதை அறியும் விதம்

வண்டியின் பின் மூலையைக் கையால் பலமாக அமுக்கி விடுக. ஒருமுறை எழும்பி அடங்குமாயின் நலம். இரண்டு மூன்று தடவை ஊசலாடுமாயின் கருவி பழுதென்று கொள்ளலாம். குழாயின் மேல் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருத்தல், டயர் இடையிடையே குழி விழுந்தாற்போல் தேய்தல், முனையிலுள்ள ரப்பர் புஷ் வெடித்திருத்தல் ஆகியனவும் அடையாளங்கள். பழுதுபட்ட வண்டியின் சக்கரம் மேடுபள்ளத்தில் தரையை விட்டுத் துள்ளும். அப்பொழுது பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்கத் தாமதமாகும்.

எந்த வண்டிக்கு இவ்வேலை தகும்?

மகிந்திரா பொலீரோ, டாடா ஏஸ், 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் போன்றவற்றின் பின்புறத்தில் வில்பட்டை வேறாகவும் ஷாக் அப்சார்பர் வேறாகவும் இருக்கின்றன. இவற்றில் புதிதாய்ப் பழகுகிறவரும் நிதானமாகச் செய்தால் ஒரு பகலில் வேலையை முடிக்கலாம். சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தொகுதியாகச் சேர்ந்த வண்டிகளில் மட்டும் வீட்டில் கை வைக்கலாகாது. அமுங்கியிருக்கும் சுருள்வில் விடுபட்டுத் தெறித்தால் ஆளைக் கொல்லும் விசையுடையது. அவ்வேலையை அநுபவமுள்ள மெக்கானிக்கிடமே விட்டுவிடுக.

வேலையின் கிரமம்

முதலாவது, வண்டியின் மாடலுக்குரிய ஷாக் அப்சார்பர் இரண்டை ரசீதுடன் வாங்குக. ஒருபுறம் புதியதும் மறுபுறம் பழையதுமாக ஓட்டினால் வண்டி ஒருபக்கமாக அலையும். முந்தின நாள் மாலையிலேயே நட்டுகளின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு வைப்பது நலம்.

இரண்டாவது, சிமெண்டுக் களம் போன்ற சமமான கெட்டித் தரையில் மூட்டை இறக்கிய வண்டியை நிறுத்துக. முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தல் மிக அவசியம். பெரும்பாலான வண்டிகளில் கை பிரேக் பின் சக்கரங்களையே பிடிக்கும். பின் சக்கரத்தால் ஓடும் வண்டியில் கியரும் அவ்வாறே. பின்புறம் தூக்கப்பட்டவுடன் இவ்விரண்டும் பயனற்றுப் போகின்றன.

மூன்றாவது, கைநூலில் குறித்த இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, பின் அச்சின் அடியில் இருபுறமும் இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, பாரத்தை அவற்றின் மேல் இறக்குக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் புகலாகாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முன்னறிவிப்பின்றி நொறுங்கக்கூடியவை. அவற்றை அடுக்கித் தாங்கு கொடுத்தலும் ஆகாது. சக்கரத்தைக் கழற்றினால் அதைச் சட்டத்தின் கீழ்ப் படுக்க வைப்பது இரண்டாவது காப்பாகும். உள்ளே செல்லுமுன் வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்துக்கொள்க.

நான்காவது, ஒருபுறத்தை முடித்த பின்னரே மறுபுறத்தைத் தொடுக. கழற்றாத பக்கம், வாஷரும் புஷ்ஷும் எந்த வரிசையில் அமையவேண்டுமென்பதற்கு மாதிரியாக உதவும். மேல் நட்டையும் கீழ் நட்டையும் கழற்றிப் பழையதை எடுக்கலாம்.

ஐந்தாவது, எண்ணெய் மட்டும் உள்ள புதிய கருவியை நிமிர்த்திப் பிடித்து, நான்கைந்து முறை முழுதும் நீட்டி அமுக்கினால் உள்ளிருக்கும் காற்று விலகும். வாயு நிரப்பியது வாரால் கட்டப்பட்டு வரும். மேல் முனையைப் பொருத்திய பின்னரே வாரை அவிழ்க்கவேண்டும். ரப்பர் புஷ்ஷில் எண்ணெயோ கிரீஸோ தடவலாகாது. ரப்பர் ஊறிக் கெடும்.

ஆறாவது, நட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது வண்டியின் பாரம் வில்பட்டையின் மேல் இருத்தல் வேண்டும். அச்சு தொங்கிய நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கேறிச் சில மாதங்களில் கிழிந்துவிடும். தாங்கியை அச்சின் அடியில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இறுக்கத்தின் அளவைக் கைநூலில் கண்டு, அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்குக.

வேலைக்குப் பின்

முதலில் மூட்டையின்றி மெதுவாக ஓட்டிப் பார்த்து, சத்தம் உண்டா என்று கவனித்து, சுமார் 50 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி சோதிக்கவேண்டும். கழற்றிய பழைய கருவியைத் தீயிலிடலாகாது; வாயு அடைத்தது வெடிக்கும். அதன் எண்ணெய் கிணற்றிலோ வாய்க்காலிலோ சேராதபடி பழைய இரும்பு வாங்குவோரிடம் கொடுத்துவிடுவதே உசிதம்.

மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் வண்டிக் கணக்கில் எழுதி வைத்து, ஒவ்வோர் அறுவடைக்கு முன்னும் மேற்சொன்ன அமுக்குச் சோதனையைச் செய்து வருக. கிராம அதிகாரிகள், ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் வண்டியின் அடியில் யாரேனும் படுத்திருக்கக் கண்டால், உடனே வெளியே வரச் சொல்லுதல் வேண்டும். கூலி மிச்சப்படுவது நல்லதே. அதற்காக ஓர் உயிரைப் பணயம் வைத்தல் தகாது.