குரலை நம்பி வேலையை விடலாமா?

டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் கொடிகட்டிப் பறந்த நாளில், சினிமாவில் பேச விரும்பியவர்கள் சேலத்துக்கு ரயிலேறினார்கள். பிறகு அந்தத் தொழில் சென்னைக்குப் போனது. இன்று குரல் வேலையில் பாதியை ஊரிலிருந்தே பதிவு செய்து அனுப்பலாம். "உங்க குரல் ரேடியோவுல கேக்குற மாதிரியே இருக்குங்க" என்று நாலு பேர் சொன்னதை நம்பி வேலையை விடும் முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

என்னென்ன வேலை?

சினிமா, சீரியல் டப்பிங் சென்னையில்தான். சங்க உறுப்பினர் அட்டையும் வேண்டும். டப்பிங் பாதி நடிப்பு. 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தவர் நடிகர் விக்ரம். வீட்டிலிருந்து செய்யக்கூடியவை வேறு: ஒலிநூல், பாடக் காணொளி, கம்பெனி போனில் வரும் பதிவுக் குரல், ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம், ஆட்டோவில் ஒலிக்கும் அறிவிப்பு. கோழித் தீவன விளம்பரத்துக்குக் கொங்குப் பேச்சே பொருத்தம். பாடத்துக்குப் பொதுத்தமிழ் வேண்டும். இரண்டுக்கும் நாக்கு பழக வேண்டும். ல, ள, ழ பிசகினால் எந்த இனிய குரலும் எடுபடாது.

எங்கே பதிவு செய்வது?

மைக்கைவிட அறை முக்கியம். பள்ளிபாளையம், ராசிபுரம் பக்கம் தறிச் சத்தம்தான் முதல் எதிரி. தறி ஓடாத நேரம் பாருங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, சுவரில் மெத்தையைச் சாய்த்து, ஃபேனை நிறுத்திப் பேசினால் எதிரொலி அடங்கும். பேசாமல் 10 விநாடி பதிந்து கேளுங்கள். அந்த இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஒலிநூல் தளங்கள் கேட்கும் அளவு. வெட்டித் திருத்த இலவச ஆடாசிட்டி மென்பொருள் போதும்.

பேசும் முன் என்ன பேசுவது?

ஒரு நிமிட மாதிரிப் பதிவில் விளம்பரம், கதை, பாடம் மூன்றையும் காட்டுங்கள். கூலி பேசும்போதே எங்கே, எத்தனை நாள் ஒலிபரப்புவார்கள், எத்தனை முறை திருத்தம், முன்பணம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். கம்பெனிகள் வரி பிடித்துக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அதைக் காட்டுங்கள்.

இன்னொரு வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்: இந்தப் பதிவை வைத்துச் செயற்கைக் குரல் செய்யக் கூடாது. 'லால் சலாம்' படப் பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தபோது, ஏ.ஆர். ரஹ்மான், அந்த இருவரின் குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றுப் பணமும் கொடுத்ததாகச் சொன்னார். 2024இல் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி நகலெடுக்க மும்பை உயர்நீதிமன்றம் தடை போட்டது. எல்லோரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. கையெழுத்துக்கு முன் படிக்க எல்லோராலும் முடியும்.

ஆடியிலும் தீபாவளிக்கும் வேலை குவியும், நடுவில் காயும். ஆகவே ராத்திரி, ஞாயிற்றுக்கிழமைகளில் தொடங்குங்கள். தொடர்ந்து ஆறு மாதம் சம்பளத்தில் பாதியாவது குரலில் வந்த பிறகு ராஜினாமா எழுதுங்கள்.