பீளை தள்ளும் நாய்க் கண்ணும் நார்வே மண்ணும்

பக் நாயின் கண் சிவந்திருக்கிறது. காலையில் துடைத்த பீளை மாலைக்குள் பசைபோல் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஆன்டிபயாட்டிக் சொட்டு விட்டால் நாலு நாள் தெளிகிறது. நிறுத்தியதும் பழைய கதைதான்.

இப்படி வரும் நாயின் கீழிமைக்குள் மருத்துவர் ஒரு காகிதப் பட்டையைச் செருகி, ஒரு நிமிடம் காத்திருப்பார். நல்ல கண் என்றால் 15 மில்லிமீட்டருக்கு மேல் நனையும். பத்தைத் தாண்டாவிட்டால் உலர்கண் நோய் என்ற சந்தேகம் வலுக்கும். பீளை வழிகிற கண்ணில் கண்ணீர் வற்றிக் கிடக்கிறது! நீர் குறையக் குறையச் சளி மட்டும் மிஞ்சித் திரள்கிறது, அதுதான் பீளை.

பெரும்பாலான நாய்களில் இதற்குக் காரணம் வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல. உடலின் எதிர்ப்பு அணுக்களே கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குகின்றன. பக், புல்டாக், காக்கர் ஸ்பானியல், லாசா ஆப்சோ ஆகிய இனங்களில் இது அதிகம்.

மருந்து கிடைத்தது நார்வேயில் 1969இல் அள்ளிய மண்ணிலிருந்து. அதில் வளர்ந்த ஒரு பூஞ்சை தந்த சைக்ளோஸ்போரின், எதிர்ப்பு அணுக்களை அடக்குவதால் உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பயன்பட்டது. 1980களில் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகக் கால்நடைக் கண் மருத்துவர் ரெனே காஸ்வன் அதை நாயின் கண்ணில் விட்டுப் பார்த்தார். வற்றிய சுரப்பிகள் மீண்டும் சுரந்தன. நாய்களுக்கான 0.2 சதவீதக் களிம்பு 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனிதரின் உலர்கண்ணுக்கான சொட்டு வந்தது அதன் பிறகுதான், 2002இல்.

பீளையை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்திட வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். சுரப்பி முழுக்க அழிந்துபோயிருந்தால் மருந்துக்கு வேலை செய்ய இடமில்லை. ஆகவே தாமதிக்கக் கூடாது.

வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டை எடுத்து விடுவது ஆபத்து. கருவிழியில் புண் இருந்தால் ஸ்டீராய்டு அதை ஆறவிடாது. கருவிழி ஓட்டையாகிப் பார்வையே போகலாம். அதனால்தான் மருத்துவர் முதலில் ஒரு சாயம் விட்டு, புண் பச்சையாக ஒளிர்கிறதா என்று பார்க்கிறார்.

சில வாரம் கழித்து அதே காகிதப் பட்டை வரும். ஈரம் மேலேறியிருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். நோய் போய்விட்டது என்று அல்ல. பெரும்பாலான நாய்களுக்கு ஆயுள் முழுக்க மருந்து தேவை.