120 வரிசையில் எது கதை?

கீழே ஐந்து வாக்கியங்கள் இருக்கின்றன. வேண்டுமென்றே கலைத்துப் போட்டிருக்கிறேன். ஒரு துண்டுத்தாளில் சரியான வரிசையை எழுதிவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.

அ. புழு வளர்ந்து பெரிதாகி, பச்சை நிறமானது.
ஆ. கூட்டைப் பிளந்துகொண்டு, ஈரச் சிறகோடு ஒரு பட்டாம்பூச்சி வெளியே வந்தது.
இ. அந்த முட்டையிலிருந்து, பறவை எச்சம் மாதிரியே ஒரு குட்டிப் புழு வந்தது.
ஈ. புழு ஒரு குச்சியில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆனது.
உ. கொல்லையில் நின்ற கறிவேப்பிலைச் செடியில் ஒரு பட்டாம்பூச்சி முட்டை போட்டது.

எழுதியாயிற்றா? இப்போது ஒரு கணக்கு. முதல் இடத்தில் ஐந்தில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். அடுத்த இடத்துக்கு மீதி நான்கு. அப்புறம் மூன்று, இரண்டு, ஒன்று. பெருக்கிப் பாருங்கள், 120 வரிசைகள் வரும். நிமிஷத்துக்கு ஒன்றாக வாசித்தால் இரண்டு மணி நேரம் ஆகும். எட்டு வாக்கியக் கதை என்றால் 40,320 வரிசைகள். சாப்பிடாமல் தூங்காமல் வாசித்தாலும் முழுசாக 28 நாள்! நீங்களோ ஓரிரு நிமிஷத்தில் முடித்திருப்பீர்கள். அப்படியானால் உங்கள் மூளை எல்லா வரிசைகளையும் பார்க்கவே இல்லை. தடயம் பிடித்து, ஆகாதவற்றைக் கழித்திருக்கிறது.

குட்டிப் புழு பெரிதாகும். பெரிய புழு மறுபடி குட்டியாகாது. ஆகவே 'இ' வந்த பிறகுதான் 'அ'. இது ஒன்று தெரிந்ததுமே பாதி வரிசைகள் கழிந்துவிடும், மிச்சம் 60. வளர்ந்த பிறகுதான் கூட்டுப்புழு, மிச்சம் 20. கூட்டுப்புழுவுக்குப் பிறகுதான் சிறகு, மிச்சம் வெறும் 5.

இந்த மூன்று தடயங்களையும் கொடுத்தது இயற்கை. திரும்பிப் போக முடியாத மாற்றங்கள் உலகத்தில் நிறைய உண்டு. அரிசி சோறாகும், சோறு அரிசியாகாது. இரண்டையும் படம் பிடித்துக் காட்டினால் எது முதல் படம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஊஞ்சல் இந்தப் பக்கம் போகும் படத்தையும் அந்தப் பக்கம் போகும் படத்தையும் காட்டி, எது முதலில் எடுத்தது என்று கேட்டால்? யாராலும் சொல்ல முடியாது. அது போகும், திரும்பி வரும்.

சரி, 'உ' எங்கே போகும்? பெரும்பாலோர் முதலில் வைத்திருப்பீர்கள். யாராவது கடைசியில் வைத்திருந்தால் அவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வெளியே வந்தது பெண் பட்டாம்பூச்சி என்றால் அதுவும் ஒருநாள் முட்டை போடத்தானே போகிறது? இயற்கை இரண்டையும் ஒப்புக்கொள்கிறது. இங்கே தீர்ப்புச் சொல்வது 'இ' வாக்கியத்தில் இருக்கும் 'அந்த'. எந்த முட்டை என்று முன்பே சொல்லியிருந்தால்தான் 'அந்த முட்டை' என்று பேச முடியும். ஆக, விடை: உ, இ, அ, ஈ, ஆ.

(அந்தப் பச்சைப் புழுவை நிஜமாகவே செடியில் பார்த்தால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னால் கொம்புபோல ஒன்றை நீட்டும். நாற்றம் தாங்காது!)

நமக்கு எளிதாக இருக்கும் இந்த வரிசைப்படுத்தும் வேலை சின்னக் குழந்தைகளுக்கு எளிதில்லை. 1928-இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் ஐன்ஸ்டைன், ழான் பியாஜே என்ற உளவியல் அறிஞரிடம் சில கேள்விகள் கேட்டார். காலம் என்ற எண்ணம் குழந்தைகளுக்கு எப்படி வருகிறது என்பதைப் பற்றிய கேள்விகள். அதைத் தொடர்ந்து பியாஜே செய்த சோதனைகள் 1946-இல் புத்தகமாக வந்தன. அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். மேலே ஒரு குடுவை, கீழே ஒரு குடுவை. மேலே இருப்பதிலிருந்து தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் தண்ணீர் மட்டத்தைக் குழந்தை ஒரு தாளில் வரையும். பிறகு தாள்களைக் கலைத்துவிட்டு, 'அடுக்கு' என்பார்கள். மிகச் சின்னக் குழந்தைகள், தாங்களே வரைந்த படங்களைக்கூட அடுக்கத் தெரியாமல் திணறினார்கள்!

இன்னொரு சிக்கலும் உண்டு. ஈவ் கிளார்க் என்ற மொழி ஆய்வாளர் 3 முதல் 5 வயதுவரை உள்ள குழந்தைகளிடம் பொம்மைகளைக் கொடுத்து, சொல்வதுபோல ஆட்டிக் காட்டச் சொன்னார். அந்த ஆய்வு 1971-இல் வெளியானது. சின்னவர்கள் பலர், காதில் எது முதலில் விழுந்ததோ அதையே முதலில் செய்தார்கள். 'முன்', 'பிறகு' என்பதையெல்லாம் அவர்கள் கண்டுகொள்ளவில்லை. 'சாப்பிடும் முன் கை கழுவு' என்று நாம் சொல்கிறோமே, யோசித்துப் பாருங்கள்: காதில் முதலில் விழுவது சாப்பாடு!

அதனால் வீட்டில் ஒன்றாம் வகுப்புத் தம்பியோ தங்கையோ இருந்தால், வாக்கியங்களில் தொடங்க வேண்டாம். முதலில் அவர்களே செய்த வேலையைப் படமாக வரையச் சொல்லுங்கள்: விதை ஊன்றியது, முளை வந்தது, இலை விட்டது. மூன்று படம் போதும், மொத்தமே ஆறு வரிசைகள்தான். அடுக்கிய பிறகு சரி, தப்பு என்று சொல்லிவிடாமல், 'இது ஏன் முதலில்?' என்று கேளுங்கள். சில சமயம் தப்பான வரிசைக்கும் அட்டகாசமான காரணம் சொல்வார்கள். படம் பழகியதும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வாக்கியம் எழுதுங்கள். பிறகு படத்தை மடித்து மறைத்துவிட்டு, வாக்கியத்தை மட்டும் வைத்து அடுக்கச் சொல்லுங்கள்.

பட்டாம்பூச்சிக் கதையையும் ஒருநாள் கொடுத்துப் பாருங்கள். 'உ'வைக் கடைசியில் வைத்துவிட்டு, 'பூச்சி பெரிசாகித்தானே முட்டை போடும்?' என்று சண்டைக்கு வந்தால், பேனாவை எடுத்து 'இ'யில் இருக்கும் 'அந்த'வை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டுவிடுங்கள்.