ஜூம் எண்ணைப் பார்த்து ஏமாறலாமா?

வணிகப் பெருமக்களே! மூட்டையின் பருமனைப் பார்த்து நாம் கொள்முதல் செய்வதில்லை. சரக்கைப் பிரித்துப் பார்த்தே விலை பேசுகிறோம். நீண்ட ஜூம் உள்ள டிஜிட்டல் கேமராவுக்கும் அதுவே முறை. கல்லாவில் சிறுகச் சேர்த்த பணமல்லவா?

2018-இல் வந்த நிக்கான் பி1000-க்கு 125 மடங்கு ஜூம். எடை சுமார் 1.4 கிலோ. 2017-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் மாடலுக்கு 25 மடங்குதான். ஆனால் ஒளியை வாங்கும் அதன் சென்சார் பரப்பில் ஏறக்குறைய நான்கு மடங்கு பெரிது. ஆகவே நல்ல வெயிலில் தூரத்துப் பறவையை எடுக்க முன்னது; கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சத்துக்குப் பின்னது.

டிஜிட்டல் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதே. அந்த எண்ணுக்குக் காசு கொடுக்க வேண்டாம். கடையிலேயே ஜூமை முழுக்க நீட்டி, கையில் பிடித்து எடுத்துப் பார்த்த பிறகே பணத்தை எண்ணுவோம். ரசீது கேட்டு வாங்குவோம்.