உங்களுக்குத் தெரியுமா? ஜீப்பின் முன்பக்கச் சத்தம்

கற்பிட்டி மணலிலும் வில்பத்துக் காட்டுத் தடத்திலும் நான்கு சக்கர இழுவையில் ஓடிய ஜீப், அதே நிலையில் புத்தளம் தார் வீதியில் ஏறித் திரும்பினால் முன்பக்கம் இறுகி 'டக்'கென்று அடிக்கும். அநேகமாக அது பழுதல்ல. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை விடக் கூடுதல் தூரம் ஓடவேண்டும். மணல் வழுக்கி இடம் கொடுக்கும், தார் கொடுக்காது. இரு சக்கர ஓட்டத்துக்கு மாற்றுங்கள். நெம்புகோல் இறுகி நின்றால் வண்டியைச் சற்றுப் பின்னால் உருட்டினால் விடும்.

அப்படியும் சத்தம் அடங்காவிட்டால்? ஹப்பைக் கையால் பூட்டித் திறக்கும் பழைய ஜீப்களில் அருமையான சோதனை ஒன்று உண்டு. இரண்டு ஹப்பையும் திறந்துவிட்டு இரு சக்கர ஓட்டத்தில் ஓட்டிப் பாருங்கள். அப்போது முன் அச்சுத்தண்டுகளும் முன் டிஃபரன்ஷியலும் அதற்குப் போகும் ஷாஃப்டும் சுழலாது. சத்தம் நின்றால் குற்றம் அவற்றில். தொடர்ந்தால் முதலில் சக்கரப் பெயாரிங்கைப் பாருங்கள்.

கலா ஓயா வெள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை. சூடான டிஃபரன்ஷியல் நீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, காற்றுத் துவாரம் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் பால் நிறமாகியிருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.