பர்மாவின் தேக்கு மடங்கள்

பினாங்கில் வாழும் நமக்குப் பர்மா புதிய பெயர் அன்று. ஜார்ஜ் டவுனில் பர்மா சாலை, ரங்கூன் சாலை, மௌல்மேன் சாலை, ஐராவதி சாலை எனப் பல சாலைகள் அந்நாட்டையும் அதன் ஊர்களையும் ஆற்றையும் நினைவூட்டுகின்றன. புலாவ் திக்குஸ் பகுதியிலுள்ள தம்மிகராமா பர்மியக் கோயில் 1803-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இத்தீவின் மிகப் பழமையான பௌத்தக் கோயில் அதுவே. இன்று அங்குள்ள கட்டடங்கள் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு எழுந்தவை. எனினும், அடுக்கடுக்காக உயரும் அவற்றின் கூரை வடிவம் மரத்தச்சனிடமிருந்து வந்தது. அதன் மூலத்தை அறிய வேண்டுமாயின், இன்று மியன்மார் எனப்படும் பர்மாவின் தேக்கு மடங்களைக் காணுதல் வேண்டும்.

பர்மிய மன்னர் காலத்தில் செங்கல் பெரும்பாலும் பகோடாக்களுக்கே உரியதாக இருந்தது. மன்னர் வாழும் அரண்மனையும் துறவிகள் வாழும் மடமும் மரத்தாலேயே எழுந்தன. அதற்கு ஏற்ற மரம் தேக்கு. அதில் இயற்கையாக அமைந்த எண்ணெய்ப் பசை கறையானையும் ஈரத்தையும் எளிதில் அண்ட விடாது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘டீக்’ என்ற சொல்லும், நம் தென்னாட்டுத் ‘தேக்கு’ போர்த்துக்கீசியர் வாய்வழிச் சென்று திரிந்ததே என்பர்.

அமைப்பு முறை

மடத்தை முதலில் தரையினின்று உயர்த்துவர். வரிசையாக நட்ட பெருந்தூண்களின்மேல் அகன்ற மேடை அமையும். அதற்கு ஏறும் படிகளை மட்டும் செங்கல்லால் கட்டுவர். மேடைமீது கூடங்கள் கிழக்கு மேற்காக ஒரே வரிசையில் நிற்கும். கிழக்குக் கோடியில் புத்தர் திருவுருவம் உள்ள கூடம். மேற்குக் கோடியில் பண்டகம். இடையே துறவிகள் பயிலும் பெருங்கூடம். புத்தர் கூடத்தின்மேல் மட்டும் அடுக்குக் கூரை எழும். அடுக்குகள் மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படையிலேயே அமையும். இக்கூரையைப் பர்மியர் ‘பியத்தாட்’ என்பர். அது ‘பிராசாதம்’ என்னும் வடசொல்லின் திரிபு. மன்னர் காலத்தில் சமயக் கட்டடங்களுக்கும் அரச மாளிகைகளுக்குமே பெரும்பாலும் அக்கூரை அமைக்க உரிமை இருந்தது.

ஆவா நகரில் 1834-இல் எழுந்த பகயா மடத்தில் 267 தேக்குத் தூண்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரியது 60 அடி உயரமும் 9 அடி சுற்றளவும் கொண்டது. இத்தகைய மடங்களில் கதவு, சுவர்ப் பலகை, கூரை விளிம்பு எங்கணும் கொடிகளும் பூக்களும் தேவ உருவங்களும் செதுக்கப்பட்டிருக்கும். புத்தரின் முற்பிறப்புகளைக் கூறும் சாதகக் கதைக் காட்சிகளும் இடம்பெறும்.

இடம் பெயர்ந்த மாளிகை

முளையைத் துளையில் செருகிப் பொருத்தும் முறையால் இக்கட்டடங்களைக் கழற்றி வேறிடத்தில் மீண்டும் பூட்ட இயலும். மாந்தலேயிலுள்ள ஷ்வேநந்தோ மடம் இதற்குச் சிறந்த சான்று. அது முதலில் அமரபுரத்து அரண்மனையின் ஒரு பகுதி. மிண்டோன் மன்னர் தலைநகரை மாந்தலேக்கு மாற்றியபோது அதுவும் உடன் சென்று, அவரது உறைவிடமாயிற்று. 1878-இல் அவர் காலமானார். தந்தையின் ஆவி அங்கே உலவுவதாக அஞ்சிய அவர் மகன் தீபா மன்னர், அதைக் கழற்றி அரண்மனை மதிலுக்கு வெளியே கொண்டுபோய் மடமாக்கும்படி ஆணையிட்டார். பின்னர் தீபா மன்னர் அரசிழந்தார். ஆங்கிலேயர் அவரை இந்தியாவின் இரத்தினகிரிக்கு நாடு கடத்தினர். 1945 மார்ச்சில், ஜப்பானியருடன் நடந்த போரில், மாந்தலே அரண்மனை எரிந்து சாம்பலாயிற்று. இன்று காணும் அரண்மனை 1990-களில் கான்கிரீட்டும் தகரமும் கலந்து மீண்டும் கட்டப்பட்டது. பழைய அரண்மனையின் பெருங்கூடங்களில் நமக்கு எஞ்சியிருப்பது, மதிலுக்கு வெளியே சென்ற இந்த ஒன்றே.

மரமும் கல்லும்

மரம் அழியும் என்பதைத் தமிழரும் அறிவர். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைந்த கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி அதனை அமைத்ததாகப் பெருமை கொள்கிறது. அதற்கு முன்னர் நம் கோயில்கள் எவற்றால் எழுந்தன என்பது இதனால் விளங்கும். மாமல்லபுரத்துத் திரௌபதி இரதம் ஒரு குடிசைக் கூரையையே கல்லில் காட்டுகிறது. அந்தப் பழைய மரக்கோயில்கள் நமக்கு இல்லை. பர்மாவில் அவற்றை ஒத்த மரபு இன்னும் கண்ணெதிரே நிற்கிறது.

கல்லும் செங்கல்லும் அழியாதவை என்று எண்ணிவிடவும் கூடாது. பாகிடோ மன்னரின் பட்டத்தரசி மே நு ஆவாவில் எழுப்பிய மடம் மரமடத்தின் வடிவைச் செங்கல்லில் காட்டியது. ஒரு நிலநடுக்கத்தில் அது சிதைந்தது, 1873-இல் செப்பனிடப்பட்டது, 2025 மார்ச் 28-இல் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் இடிந்து வீழ்ந்தது. மரத்துக்குத் தீயும் மழையும் பகை. செங்கல்லுக்கு நிலநடுக்கம் பகை.

ஆகவே காவல் பொருளில் இல்லை, பேணுவோர் கையில் இருக்கிறது. துறவிகளும் ஊராரும் புழங்கும் மடத்தில் ஒழுகும் கூரை உடனே தெரியும். உளுத்த பலகை மாற்றப்படும். தூண்களுக்குக் கச்சா எண்ணெய் பூசப்படும். ஆள் அற்ற மடம் சில மழைக்காலங்களிலேயே தளர்ந்துவிடும். பர்மாத் தேக்கில் தூணும் கதவும் அமைத்த செட்டிநாட்டு வீடுகளைப் பூட்டி வைத்திருப்போர்க்கும் இது பொருந்தும்.

மன்னர் தமக்கென வைத்துக்கொண்ட கூடங்கள் தீயில் மறைந்தன. துறவிகளுக்கு வழங்கிய கூடம் நிற்கிறது. அக்கூடத்தின் கூரை மரபே, கடல் கடந்து, நம் புலாவ் திக்குஸிலும் தலை நிமிர்ந்து நிற்கிறது.