வந்து மறையும் வாதம்

பாரிசவாதம் கண்டு ஒரு பக்கம் விழுந்துபோன முதியவர்களை நாம் ஊரிலே பார்த்திருக்கிறோம். அதற்கு முன்னோடியாகச் சிலருக்கு வந்து, சுவடின்றி மறைந்துவிடும் சிறு வாதம் ஒன்று உண்டு என்பதைப் பலர் அறியார். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் ஒரு சிறு கட்டி அடைத்துக்கொள்கிறது. பின்பு தானே கரைந்து வழிவிடுகிறது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும். தொல்லையே இந்தச் சரியாகிவிடுதல்தான். "வாயு" என்று சொல்லிச் சுக்குக் கஷாயத்தோடு விட்டுவிடுகிறோம்.

வாயின் ஒரு கோடி தொங்கும், ஒரு பக்கத்துக் கையோ காலோ வலுவிழக்கும், பேச்சுக் குழறும், ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியதுபோல் இருளும், நடை தள்ளாடும். இவற்றுள் ஒன்று திடீரென வந்தாலே போதும். தாத்தா பாட்டிமார் தில்லிக்கு வந்து தங்கும் மார்கழி, தை மாதங்களில் இன்னும் விழிப்பு வேண்டும். குளிரில் இரத்த அழுத்தம் ஏறும். கை மரத்தது என்றால் குளிரென்று கம்பளியைப் போர்த்திவிடுவோம். குளிருக்கு ஒரு கையை மட்டும் தேர்ந்து பிடிக்கத் தெரியாது அன்றோ!

ஊரில் இருப்பவர்களைத் தொலைபேசியிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். "வாழைப்பழம்" என்று சொல்லச் சொல்லுங்கள். மதுரைப் பாட்டி என்றும் "வாளப்பளம்" என்பவராயின் அதைக் கணக்கில் கொள்ளற்க. அவருடைய வழக்கமான பேச்சே அளவுகோல். முகம் தெரியுமாயின் சிரிக்கச் சொல்லி, இரு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள்.

நேருவுக்கு 1964 ஜனவரியில், காமராசர் தலைமை தாங்கிய புவனேசுவரம் காங்கிரசின்போது வாதம் கண்டதை அறிவோம். நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது ஐசன்ஹோவர் கதை. 1957 நவம்பர் 25 அன்று அலுவலகத்தில் இருந்தவருக்கு, நினைத்த சொல் வாயில் வரவில்லை. வேறு சொற்கள் வந்தன. சில நாட்களில் பெரிதும் தேறினார். 1959 டிசம்பரில் நம் ராம்லீலா மைதானத்தில் பெருங்கூட்டத்தின் முன் பேசவும் செய்தார். எல்லோருக்கும் அந்த நல்லூழ் வாய்ப்பதில்லை. உரிய சிகிச்சை இல்லாவிடில், சிறு வாதம் கண்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் பெரிய வாதம் வருகிறது. அதிலும் பாதி, முதல் இரண்டு நாட்களிலேயே. உடனே சிகிச்சை தொடங்கினால் இந்த அபாயம் ஐந்தில் நான்கு பங்கு குறைந்ததென 2007இல் ஆக்ஸ்போர்டு ஆய்வு காட்டியது.

ஆகையால் குணமாகிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாமாக ஆஸ்பிரின் கொடுத்தலாகாது. குழாய் அடைப்பா, இரத்தக் கசிவா என்பது படம் எடுத்தால்தான் தெரியும். நாடி தாறுமாறாக அடிக்கிறதா என்பதையும் மருத்துவர் பார்ப்பார். கட்டி இதயத்திலிருந்தும் வரக்கூடும். ஆம்புலன்சுக்குத் தில்லியில் 102 அல்லது 112, தமிழ்நாட்டில் 108. நோயாளி நன்றாக இருந்ததைக் கடைசியாகக் கண்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாதம் விலகாது நின்றுவிட்டால், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அந்த நேரத்திலிருந்து நாலரை மணிக்குள் போட்டாக வேண்டும்.